பெண்ணையாற்று ஏரிகளில் மீன்வேட்டை

வரலாறு என்றவுடன் நம் மனம் கோட்டைகளை நோக்கி ஓடுகிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அவற்றுக்குக் குறைவும் இல்லை. பாராமகால் என்ற பழம்பெயரே பன்னிரு கோட்டைகளைக் குறித்து வந்தது என்பர். அக்கோட்டைகளின் அடிவாரத்து ஏரிகளில் வலை வீசிப் பிழைத்தவர்களைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. பத்தாம் ஆண்டு மலரில் அவர்களுக்கும் ஓரிரு பக்கம் ஒதுக்குவது தகும்.

தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூர் எல்லையில் தமிழகம் புகுகிறது. அங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. அகநானூற்றின் 35ஆம் பாடலில் அம்மூவனார் குறிக்கும் பெண்ணை, காரியின் கோவலூரை ஒட்டி ஓடும் கீழ்ப்பெண்ணை. நம் பகுதியின் மேற்பெண்ணை புலவர் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. பாறைமேல் ஓடும் ஆறு என்பதாலோ என்னவோ!

பாறைமேல் ஓடுவதால் வேறொன்றும் நேர்ந்தது. வண்டல் நிலத்து ஆறுகள் தம் வளைவைத் தாமே அறுத்துக்கொண்டு, பழைய வளைவை ஏரியாக விட்டுச் செல்லும். பள்ளிப் பாடநூல் அதனைக் குதிரைக் குளம்பு ஏரி என்று சொல்லும். பீகாரின் கன்வர் ஏரி கண்டக் ஆறு அவ்வாறு விட்டுச் சென்றது. வங்காளத்தார் இத்தகைய ஏரிகளைப் ‘பாவோர்’ என்பர். வெள்ளக் காலத்தில் ஆற்றோடு கலந்தும் கோடையில் பிரிந்தும் கிடப்பதால் அவை மீனுக்குத் தொட்டில் போன்றவை. நம் பெண்ணை அத்தகைய ஏரிகளை ஈன்றதில்லை. அந்தக் குறையை மனிதர் கையால் நிரப்பினர். ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அதிலிருந்து கால்வாய், கால்வாயின் முடிவில் ஏரி என்ற அமைப்பு அது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் பாரூர்ப் பெரிய ஏரி அதற்குச் சிறந்த சான்று. கால்வாயில் நீர் வந்தால் மீனும் வரும்.

இந்த வரவை அறிந்து நடப்பதே பழைய மீன்வேட்டையின் உயிர். புதுவெள்ளம் இறங்கியதும் கெண்டையும் சேலும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். முட்டையிடும் பருவம் அது. ஏரி நிரம்பிக் கோடி போகும் இடத்திலும், கால்வாய் வாயிலிலும் மூங்கிற் பிளாச்சுகளால் பின்னிய பறிகளை வைத்தனர். உள்ளே போகும் மீன் வெளியே வர முடியாதபடி பறியின் வாய்க் குச்சிகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். நீர் தெளிந்த பின் வீச்சுவலை எடுப்பர். வலையின் ஓரத்து ஈயக்குண்டுகள் வட்டமாக விழ வேண்டும்; தோளும் இடுப்பும் ஒரே கணத்தில் திரும்பாவிட்டால் வலை சுருண்டு போகும். ஆழ்நீருக்குப் பரிசல். மூங்கிற் கூடையின்மேல் முன்பு தோல் போர்த்தினர். பின்னர் தாரும் பிளாஸ்டிக்கும் வந்தன. கன்னடத்தில் அதற்கு ஹரிகோலு என்று பெயர். மாலையில் செவுள் வலையை நீருக்குள் சுவர்போல் கட்டிவிட்டு, விடியுமுன் போய் எடுப்பர். தலை நுழைந்து உடல் நுழையாத மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும். ஆகவே வலைக்கண்ணின் அளவே பிடிபடும் மீனின் அளவு. நைலான் நூல் வந்தபின் கண் சிறுத்தது, குஞ்சும் தப்பவில்லை. கோடையில் ஏரி முழங்காலளவாகச் சுருங்கியபின் ஊத்தாவின் காலம். அடியும் நுனியும் திறந்த கூடையைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவி விராலை எடுப்பது அது. கெளுத்தியின் முள்ளுக்கு அஞ்சாத கை வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் கிருஷ்ணகிரி அணை எழுந்தது. அதன் முழு உயரம் 52 அடி. பின்னர் ஓசூருக்கருகே 44 அடிக் கெலவரப்பள்ளி அணை. மீன் ஆற்றில் மேலேறும் வழியைச் சுவர்கள் மறித்தன. அதே காலத்தில் வேறொரு மாறுதலும் வந்தது. கங்கைச் சமவெளி மீன்களான கட்லாவும் ரோகுவும் மிர்காலும் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. 1957இல் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார். அதன்பின் குஞ்சுகளைப் பண்ணையில் பொரித்து அணைகளில் விடுவது எளிதாயிற்று. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா, ‘ஜிலேபி’ என்ற பெயருடன் ஏரிதோறும் பரவியது. விளைச்சல் பெருகியதை மறுக்க இயலாது. பல குடும்பங்களுக்கு அதுவே சோறு. ஆயினும் வேட்டை அறுவடையாகிவிட்டது. ஆறு கொண்டுவருவதை எதிர்பார்த்திருந்தவர், லாரி கொண்டுவரும் குஞ்சை எதிர்பார்க்கத் தொடங்கினார்.

ஆறு இப்போது கொண்டுவருவது நுரை. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தட்சிண பினாகினியில் கலக்கிறது. கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது, நீரில் கரைந்த சோப்புப் பொருள்கள் வெண்நுரையாகப் பொங்குவதை அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்கள் மீண்டும் மீண்டும் படமெடுத்துப் போட்டன. எல்லைக்கு இப்பாலுள்ள நம் தொழிற்பேட்டைகளையும் கணக்கில் சேர்க்காமல், பழியை முழுதும் அண்டை மாநிலத்தின்மேல் போடுவது நேர்மையன்று. கழிவின் சத்தால் பாசி பெருகுகிறது. பகலில் உயிர்வளி தரும் அப்பாசி, இரவில் அதனை உண்கிறது. விடியுமுன் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும். முதலில் மடிவன கெண்டை இனங்கள்.

கவிஞர்களிடம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. கயலையும் சேலையும் கண்ணுக்கு உவமையாக்கி இன்றும் எழுதுகிறோம். நீரில் சேல் அருகிவிட்டால் அந்த உவமை எதைச் சுட்டும்? எல்லை ஊர்களின் முதிய வலைஞர்கள் ஒரே மீனைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அழைப்பவர்கள். அப்பெயர்களைக் கேட்டு எழுதிவைக்க நம் வட்டத்தார் சிலர் முன்வரலாம். ஒரு நோட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். விராலில் தொடங்கலாம். மேலே வந்து காற்றைக் குடித்து வாழ வல்லது அது. கெட்ட நீரிலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். தெலுங்கர் அதைக் கொர்ரமீனு என்பர்.