கடலில் காத்த ஒழுங்கு: மோர்மோன் கப்பல்களும் 1856-ஆம் ஆண்டின் பனியும்

1863 ஜூன் மாதத்தில் இலண்டனின் ஷாட்வெல் துறையில் நின்றிருந்த 'அமேசான்' என்னும் பாய்மரக் கப்பலில் சார்லஸ் டிக்கன்ஸ் ஏறினார். ஏறத்தாழ எண்ணூறு மோர்மோன் சமயத்தார் அதில் அமெரிக்கா செல்ல ஆயத்தமாக இருந்தனர். குறை கண்டால் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வது என்ற எண்ணத்தோடுதான் அவர் சென்றார். கண்டதோ வேறு. குடிவெறி இல்லை, இடத்திற்கான சண்டை இல்லை. வந்தவர்கள் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, ஊருக்குக் கடிதம் எழுத அமர்ந்திருந்தனர். அவர் வியந்து எழுதிய அக்கட்டுரை பின்னர் 'தி அன்கமர்ஷியல் டிராவலர்' தொகுப்பில் இடம்பெற்றது.

குடிபெயர்வு வரலாற்றில் இக்கட்டுரை ஒரு நற்சான்றிதழைப் போலவே எடுத்தாளப்பட்டு வருகிறது. எனக்கு அதில் நிறைவில்லை. டிக்கன்ஸ் கண்ட ஒழுங்கிற்கு ஏழாண்டு முன்னரே, அதே ஒழுங்கு வேறொரு நிலப்பரப்பில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய சபை இது. 1837-இல் அதன் ஊழியர்கள் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் பரப்புரையைத் தொடங்கினர். ஆலைத் தொழிலாளரும் கைவினைஞரும் பெருமளவில் சேர்ந்தனர். மதம் மாறுவது மட்டும் போதாது; சீயோனில் ஒன்றுகூட வேண்டும் என்பது போதனை. 1840 ஜூனில் லிவர்பூலிலிருந்து 'பிரிட்டானியா' கப்பலில் 41 பேர் புறப்பட்டனர். அடுத்த ஐம்பதாண்டுகளில் 80,000-க்கும் மேற்பட்டோர் அவர்களைத் தொடர்ந்தனர். அவர்களுள் டென்மார்க், ஸ்வீடன் நாட்டினரும் கணிசமானோர்.

அக்காலக் கப்பலின் கீழ்த்தளம் எப்படியிருந்தது என்பதற்கு 1847-இன் அயர்லாந்துப் பஞ்சக் கப்பல்களே சான்று. 'சவப்பெட்டிக் கப்பல்' என்ற பெயர் அவற்றுக்குக் காரணமின்றி வரவில்லை. மோர்மோன்கள் இதற்குக் கண்ட தீர்வு நிர்வாகம். லிவர்பூலில் இருந்த சபை முகவர் பெரும்பாலும் கப்பலை முழுதாகவே பேசி அமர்த்திவிடுவார். புறப்படுமுன் ஒரு தலைவரும் இரு துணைவரும் நியமிக்கப்படுவர். கீழ்த்தளம் 'வார்டு'களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். மணமாகாத ஆடவர் ஒரு முனையிலும், மணமாகாத பெண்டிர் மறுமுனையிலும், குடும்பத்தினர் நடுவிலும் தங்குவர். விடியலில் எழுதல், தளத்தைத் துப்புரவு செய்தல், வழிபாடு, முறை வைத்துச் சமைத்தல், இரவுக்காவல் என்று நாள் முழுதும் வகுக்கப்பட்டிருந்தது. நாட்குறிப்பு எழுதவும் ஒருவர் இருந்தார். இன்று நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி அவர்கள் கைப்பட எழுதியதே. 1854-இல் குடிபெயர்வோர் கப்பல்களைப் பற்றி ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, சபையின் முகவர் சாமுவேல் ரிச்சர்ட்ஸை அழைத்து இம்முறைகளைக் கேட்டறிந்தது. தட்டம்மையும் காலராவும் இக்கப்பல்களையும் விட்டுவைக்கவில்லைதான். ஆயினும், அட்லாண்டிக்கில் அவர்களது குடியேற்றக் கப்பல் ஒன்றுகூட மூழ்கவில்லை என்பதைச் சபையினர் இறையருளாகவே கருதினர்.

இந்த ஒழுங்கின் மறுபக்கம் கடன். 1849-இல் தொடங்கிய நிரந்தரக் குடியேற்ற நிதி ஏழைகளுக்குப் பயணச் செலவைக் கொடுத்தது. யூட்டாவை அடைந்தபின் உழைத்துத் திருப்பித் தருவதாக அவர்கள் ஒப்பந்தம் எழுதித் தந்தனர். 1855-இல் வெட்டுக்கிளியும் வறட்சியும் யூட்டாவின் விளைச்சலை அழித்தன, நிதியும் வற்றியது. செலவைக் குறைக்க பிரிகாம் யங் முன்வைத்த வழி கைவண்டி: மாட்டு வண்டிகளுக்கு மாற்றாக மக்களே வண்டியிழுத்து நடப்பது.

1856 மே மாதம் 'தார்ன்டன்', 'ஹொரைசன்' ஆகிய கப்பல்கள் லிவர்பூலை விட்டுக் கிளம்பியபோதே காலம் கடந்திருந்தது. அவற்றில் வந்தோர் இரயிலில் அயோவா சிட்டியை அடைந்தபோது வண்டிகள் ஆயத்தமாக இல்லை. காயாத மரத்தால் அவசரமாகச் செய்தனர். கப்பலின் வார்டு இங்கே 'நூறு' ஆயிற்று: இருபது பேருக்கு ஒரு கூடாரம், ஐந்து பேருக்கு ஒரு வண்டி, நூறு பேருக்கு ஒரு தலைவர். ஒருவர் உடைமை 17 பவுண்டுக்கு மேல் இருக்கலாகாது. கடலில் பழகிய கீழ்ப்படிதல் அப்படியே தரைக்கு வந்தது.

ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் ஃபிளாரன்ஸ் முகாமில், மேலே செல்வதா, குளிர்காலத்தை அங்கேயே கழிப்பதா என்று முதற்குழுவினர் கூடிப் பேசினர். வேண்டாம் என்றவர் லீவாய் சாவேஜ். 1853-இல் கல்கத்தா வந்து, பின்னர் பர்மாவில் ஏறத்தாழ ஈராண்டு சமயப் பணியாற்றித் திரும்பியவர் அவர். அமெரிக்க மேற்கு நிலத்தில் முன்பே பயணம் செய்தவரும்கூட. முதியோரும் குழந்தைகளும் மிகுந்த கூட்டம் மலையில் பனியில் சிக்கும் என்று எச்சரித்தார். தலைவர்கள் அதை நம்பிக்கைக் குறைவாகக் கொண்டனர். பெரும்பான்மையோர் பயணத்துக்கே கையுயர்த்தினர். சாவேஜும் உடன் நடந்தார்; அதே குழுவின் துணைத்தலைவர்களுள் ஒருவராக.

அக்டோபர் 19 அன்று வயோமிங்கில் பனிப்புயல் பிடித்தது. மாவு தீர்ந்துகொண்டிருந்தது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து மீட்பு வண்டிகள் முன்னரே புறப்பட்டிருந்தன. எனினும் வில்லி, மார்ட்டின் குழுக்கள் இரண்டிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதைத் தலைமையின் பிழை என்று மட்டும் முடித்துவிடுவது எளிது. கப்பலில் கீழ்ப்படிந்தவர் பிழைத்தனர். அந்த அனுபவம் ஆறு வாரக் கடலில் மெய்யாகவே சரிபார்க்கப்பட்டது. ஃபிளாரன்ஸில் கையுயர்த்தியோர் அறிவிலிகள் அல்லர். தம் அனுபவத்தையே நம்பினர். கப்பலில் வானிலையை அறிந்த மாலுமி தனியே இருந்தார். சபைத் தலைவரின் அதிகாரம் தளத்துக்குக் கீழேதான். சமவெளியில் இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்தன.

உயிர் பிழைத்தவரின் பயணக் கடன் நிதியின் ஏட்டில் நின்றது. 1880-இல், சபையின் ஐம்பதாம் ஆண்டில், வறியோரின் பொருட்டு அந்நிலுவையில் பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. 1887-இல் அமெரிக்க காங்கிரஸின் சட்டம் அந்த நிதியமைப்பையே கலைத்தது.