குறைவாக வாங்குறதுக்கு எங்கட ஊரில் ஒரு வரலாறு இருக்கு

குறைவாக வாங்குங்கள், போனைக் கீழே வையுங்கள், கையால ஏதாவது செய்து பழகுங்கள் எண்ட அறிவுரை இப்ப எங்கட போனுக்குள்ளேயேதான் வருது. அந்த வீடியோ முடிய முதலே துணிப்பை, மூங்கில் பல்துலக்கி, அழகான மட்டை போட்ட கொப்பி எண்டு விளம்பரமும் வந்துவிடுது. குறைவா வாழுறதுக்கும் ஒரு கடைப் பட்டியல் தேவை போல.

வீட்டில் இதைக் கதைச்சால் இன்னொரு சிக்கல். எங்கட அம்மா அப்பாவின் தலைமுறைக்கு 'குறைவு' எண்ட சொல் அழகான சொல் இல்லை. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் வாழ்ந்த ஆக்களிடம் போய் "எளிமையா இருக்கப் போறம்" எண்டால் அவை சிரிப்பினம், அல்லது கோவிப்பினம். இரண்டுக்கும் நியாயம் இருக்கு. விரும்பிக் குறைப்பதும், பறித்துக் குறைப்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டுமே எங்கட வரலாற்றில் நடந்திருக்கு. அதைத் தெரிந்துகொண்டால் இன்றைய அறிவுரையையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கல்லைத் தேடிப் போனவர்

1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியை நாங்கள் கலை வரலாற்றாசிரியராகத்தான் படிக்கிறோம். ஆனால் அவர் முதலில் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வை நடத்தினார். கல்லைத் தேடி ஊர் ஊராகத் திரிந்த அவருடைய கண்ணில் பட்டவர்கள் கண்டிப் பகுதியின் கைவினைஞர்கள். நெசவு, மரவேலை, உலோகவேலை, அரக்குவேலை எல்லாம் அழிந்துகொண்டிருந்தன. அரசவையின் ஆதரவு போய்விட்டது, கப்பலில் வந்த ஆலைப் பொருள் சந்தையை நிரப்பிவிட்டது.

அவர் 'பொருட்களைக் குறையுங்கள்' எண்டு மட்டும் சொல்லவில்லை. ஒரு பொருளை வாங்கும்போது அதைச் செய்தவனுக்கு என்ன நடக்குது எண்டு கேட்டார். ஆலையில் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்பவனுக்குத் தன் வேலையில் மகிழ்ச்சி இருக்குமா? வாங்குபவனுக்கும் செய்பவனுக்கும் இடையில் இருந்த உறவு எங்கே போனது?

மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன்னுடைய பெரிய நூலையும் அவர் அதே எண்ணத்தோடுதான் அச்சிட்டார். இங்கிலாந்தில், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்தில், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை வேலை நடந்தது. வெளிவந்தவை 425 பிரதிகள். ஒரு நாளில் எத்தனையோ நூறு படங்களைத் தட்டிக்கொண்டு போற எங்களுக்கு, ஒரு புத்தகத்துக்குப் பதினைந்து மாதம் எண்டது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. குமாரசுவாமி செல்வாக்குள்ள குடும்பத்தின் பிள்ளை. நேரமும் பணமும் அவரிடம் இருந்தன. அந்த 425 பிரதிகளில் எத்தனை ஒரு கண்டி நெசவாளியின் கைக்குப் போயிருக்கும்?

கதர் உடுத்த மாணவர்கள்

குமாரசுவாமிக்கு இது பெரும்பாலும் எழுத்து வேலையாக இருந்தது. இளைஞர்கள் கூட்டாகக் கையில் எடுத்தது 1920களில், யாழ்ப்பாணத்தில். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எண்டு பெயர் பெற்ற அமைப்பைப் பற்றித்தான் சொல்கிறோம். ஹண்டி பேரின்பநாயகம் அதன் முக்கியமான ஆள். பெரும்பாலும் எங்கட வயதுக்காரர், அல்லது கொஞ்சம் மூத்தவர்கள்.

1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அழைப்பில் இந்த இளைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காந்தி வந்த வேலையே கதர் நிதி சேர்ப்பதுதான். கதர் எண்டது அன்று உடுப்பு மட்டுமல்ல. வெளிநாட்டு ஆலைத்துணியை வாங்கமாட்டம் எண்டு உடம்பில் போட்டுக் காட்டுற அரசியல். ராட்டையில் நூல் நூற்பது இன்றைய சொல்லில் 'ஹொபி' மாதிரித் தெரியலாம். ஆனால் அது தனியாக இருந்து மனதை அமைதிப்படுத்துற வேலையாக மட்டும் இருக்கவில்லை. பலர் ஒரே நேரத்தில் செய்ததால்தான் அதற்குப் பலம்.

வாலிபர் காங்கிரஸ் உடுப்போடு நிற்கவுமில்லை. சாதி, தீண்டாமை, சீதனம் எல்லாவற்றையும் எதிர்த்தது. முழுச் சுயராச்சியம் வேண்டும் எண்டு 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. வடக்கின் நான்கு தொகுதிகள் வெறுமையாகவே கிடந்தன.

ஆனால் இதே காலத்து யாழ்ப்பாணத்தில்தான் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் மேலாடை போடக்கூடாது, நகை அணியக்கூடாது எண்டு தடுக்கப்பட்டார்கள். படித்த இளைஞனுக்கு முரட்டுக் கதர் ஒரு தெரிவு. சட்டை போடுறதுக்கே அடிவாங்க வேண்டியிருந்தவருக்கு, நல்ல துணி உடுப்பதுதான் போராட்டம். ஆகவே 'குறைவாக உடு' எண்ட அறிவுரை எல்லாரிடமும் ஒரே மாதிரிப் போய்ச் சேராது. இன்றைக்கும் சேராது.

பறிக்கப்பட்ட காலம்

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியது. பிறகு வந்த பொருளாதாரத் தடையைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கோ, பட்டியல் நீளும். எரிபொருள் இல்லை, பற்றரி இல்லை, உரம் இல்லை, மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தவர்கள் இன்று எங்களுக்குப் படிப்பிக்கினம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். பனம்பழத்தைக் கொண்டு உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகைகள்கூட பாடசாலைக் கொப்பித் தாளில் வந்த நாட்கள் இருந்தன.

இதையெல்லாம் கேட்கும்போது "என்ன கெட்டித்தனம்" எண்டு சொல்லத் தோன்றும். கெட்டித்தனம்தான். ஆனால் அதை எளிய வாழ்க்கையின் பொற்காலம் மாதிரிப் பேசுவது அநியாயம். அதே தடையில் மருந்தும் தட்டுப்பாடாக இருந்தது. 1995 ஒக்டோபரில் அதே சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டுதான் சனம் ஊரை விட்டுப் போனது. வன்னியில் தடை 2002 ஜனவரியில்தான் நீங்கியது. அங்கே யாரும் குறைவைத் தெரிவு செய்யவில்லை.

அந்தக் காலத்தில் இருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. ஒரு பொருள் எப்படி வேலை செய்யுது எண்டு ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. உடைஞ்சால் திறந்து பார்க்கத் தெரியும். எங்கட கையில் இருக்கிற போனைத் திறக்கவே எங்களுக்குத் தெரியாது.

கடனும் வரிசையும்

2009க்குப் பிறகு ஏ9 வீதி திறக்க, பொருட்களும் வந்தன, அவற்றை வாங்கக் கடனும் வந்தது. இவ்வளவு காலம் இல்லாமல் இருந்த சனம் வாங்கியதை எங்களால் குறை சொல்ல முடியாது. ஆனால் லீசிங், நுண்கடன் எண்டு வந்தவை எத்தனையோ பெண்களைக் கழுத்தளவு கடனில் நிறுத்தின. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் பிரச்சினை பெருத்தது.

பிறகு 2022. காஸ், பெற்றோல் வரிசை, மணிக்கணக்கான மின்வெட்டு. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். இல்லாமல் இருப்பது எண்டால் என்ன எண்டு எங்கட தலைமுறைக்கும் கொஞ்சம் விளங்கியது அப்போதுதான்.

அப்ப நாங்கள் என்ன செய்யிறது?

குறைவாக வாங்குவது நல்லதுதான். போனை இரண்டு மணித்தியாலம் தள்ளி வைப்பதும் நல்லதுதான். ஆனால் அது 'என்ர மன அமைதி' எண்டு மட்டும் நின்றுவிட்டால், அதுவும் கடையில் விற்கிற இன்னொரு சாமானாகிவிடும். பின்னின பையைப் படம் எடுத்துப் போட்டு எத்தனை லைக் எண்டு பார்த்துக்கொண்டிருந்தால், கை வேலை செய்தாலும் கண் திரும்பப் போனுக்குள்தான்.

குமாரசுவாமியிடம் இருந்து ஒரு கேள்வியை எடுக்கலாம்: இதை யார் செய்தது? வாலிபர் காங்கிரஸிடம் இருந்து ஒரு முறையை எடுக்கலாம்: கூட்டாகச் செய்வது. தடைக்காலத்துக்காரரிடம் இருந்து ஒரு பழக்கத்தை எடுக்கலாம்: திறந்து பார்த்துத் திருத்துவது. பனையோலையில் பெட்டி இழைக்கத் தெரிந்த ஆக்கள் எங்கட ஊர்களில் இன்னும் இருக்கினம். அவையிடம் போய்ப் பழகலாம், பழக்குறதுக்குக் காசும் கொடுக்கலாம். தைக்கத் தெரிஞ்ச ஒருவர், சைக்கிள் திருத்தத் தெரிஞ்ச ஒருவர் எண்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடலாம்.

வீட்டிலும் கேட்டுப் பாருங்கோ. ஐஸ்கிரீம் டப்பாவையும் ஜாம் போத்தலையும் ஏன் எறிய விடாமல் அலுமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருக்கிறார்கள் எண்டு. எளிமையைப் பற்றி அவைக்குச் சொல்லிக் குடுக்க முதல் அந்தப் பதிலைக் கேட்க வேணும்.