மானியமும் வாரக்குடியும்: ஆர்க்கன்சாப் பருத்தி நிலத்தின் அனுபவம்

அரசு உழவருக்கு வழங்கும் மானியத்தை மதிப்பிடும்போது, எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்ற வினாவே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றது. அப்பணம் யாருடைய கையைச் சென்றடைந்தது என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஆர்க்கன்சா மாநிலத்தில், பொயின்செற் மாவட்டத்துப் பருத்தி நிலங்களில் 1930களில் நிகழ்ந்தவை இதனைத் தெளிவுபடுத்துகின்றன.

1929 இல் இறாத்தலுக்கு ஏறத்தாழ 17 சதம் பெற்ற பருத்தி, பெருமந்தத்தின் விளைவாக 1932 இல் 7 சதத்துக்கும் கீழே இறங்கியது. விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்தும் நோக்குடன், சனாதிபதி ரூஸ்வெல்ற்றின் ஆட்சியில் 1933 மே மாதம் விவசாயச் சீராக்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டில் ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. அதற்கீடாக 10 கோடி டொலருக்கு மேல் வழங்கப்பட்டது. விலையும் உயர்ந்தது. கடனில் மூழ்கியிருந்த நிலவுடைமையாளர் பலர் இதனாற் கரையேறினர் என்பதை மறுத்தற்கில்லை.

ஆயின், இந்நிலங்களில் உழைத்தோர் பெரும்பாலும் நிலமற்ற வாரக்குடிகளாவர். விதை, கருவி, உணவுக்கடன் ஆகியவற்றை நிலக்கிழாரிடம் பெற்று, விளைச்சலிற் பாதியை அவருக்குக் கொடுத்து வாழ்ந்த இவர்களுட் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இருந்தனர். 1934, 1935 ஆம் ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தை அரசு நிலக்கிழாருடனேயே செய்துகொண்டது. பயிரிடாது விடப்பட்ட நிலத்தின் வழக்கமான விளைச்சலைக் கணித்து, இறாத்தலுக்கு மூன்றரைச் சதம் வாடகையாக வழங்கப்பட்டது; அது நிலக்கிழாருக்கே உரியதாயிற்று. மேலும் வழங்கப்பட்ட ஒரு சதத்திற் பாதியே வாரக்குடிக்குரியது. ஆகவே நாலரைச் சதத்தில் அவன் பங்கு அரைச் சதம். அதுவும் நிலக்கிழாரின் கணக்கேட்டிற் பழைய கடனுக்கெனக் கழிக்கப்படுவதுண்டு.

குடிகளின் வழக்கமான எண்ணிக்கையை இயன்றவரை பேணவேண்டும் என ஒப்பந்தத்தின் 7 ஆம் பிரிவு கூறியது. எண்ணிக்கையைப் பேணினாற் போதுமா, அன்றி அதே குடிகளையே வைத்திருத்தல் வேண்டுமா என்ற வழக்கு எழுந்தது. அதே குடிகளையே வைத்திருத்தல் வேண்டும் என விளக்கமளித்த விவசாயத் திணைக்களத்தின் சட்ட அலுவலர் பலர், ஜெரோம் பிராங்க் உட்பட, 1935 பெப்ரவரியிற் பதவி நீக்கப்பட்டனர். மாவட்ட மட்டத்தில் முறைப்பாடுகளை விசாரித்த குழுக்களிலும் நிலக்கிழார்களின் கையே ஓங்கியிருந்தது. பயிரிடும் நிலம் குறைந்தபோது குடிகள் வெளியேற்றப்பட்டமை இந்நிலையில் வியப்புக்குரியதன்று.

வெளியேற்றத்தை எதிர்த்து, 1934 யூலையிற் பொயின்செற் மாவட்டத்து டைரொன்சாவுக்கு அண்மையில் வெள்ளையர் 11 பேரும் கறுப்பினத்தவர் 7 பேரும் கூடித் தென்னகக் குடியானவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். இன ஒதுக்கல் சட்டமாயிருந்த மண்ணில் இவ்விரு சாராரும் ஒரே சங்கத்திற் சேர்ந்தமை, அவர்தம் இன்னலின் பொதுமையை உணர்த்துவதாகும்.

1936 சனவரியில் உயர் நீதிமன்றம் 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை ஏற்பாடுகளைச் செல்லாதெனத் தீர்த்தது. அதன்பின் வந்த திட்டங்களில் வாரக்குடியின் பங்கு உயர்த்தப்பட்டது. பணத்தை அவனுக்கு நேரே வழங்கவும் வழி செய்யப்பட்டது. எனினும் வாரக்குடியைக் கூலியாளாக மாற்றிவிட்டால் முழுத்தொகையும் தமக்கே எஞ்சும் என்பதை நிலக்கிழார் அறிந்துகொண்டனர். அப்பணம் உழவு இயந்திரம் வாங்கவும் உதவிற்று. தென்மாநிலங்களில் 1930 இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 76 ஆயிரமாக இருந்த வாரக்குடிகள் 1940 இல் 5 இலட்சத்து 41 ஆயிரமாகக் குறைந்தனர். இக்குறைவுக்கு மானியம் ஒன்றே காரணமன்று. ஆயினும் அதனை விரைவுபடுத்திய காரணிகளுள் அது முதன்மையானது.

சட்டம் இயற்றியோர் வாரக்குடியை அழிக்க எண்ணினர் எனக் கொள்ளவேண்டியதில்லை. அவர்கள் நிலத்தை அளந்து பணம் கொடுத்தனர். நிலமோ ஒருவன் கையிலும் உழைப்பு மற்றொருவன் கையிலும் இருந்தன. நிலவுடைமை உறவுகளைத் தொடாது வழங்கப்படும் மானியம் அவ்வுறவுகளின் வழியே பாய்ந்து, வலியோரையே மேலும் வலியோராக்கும் என்பதே பொயின்செற் மாவட்ட வரலாறு தரும் முடிபாகும்.