மினிபார் சாவியும் ஓட்டுப்பெட்டியும்

பூட்டு என்றாலே தமிழ்நாட்டில் திண்டுக்கல்தான் ஞாபகம் வரும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, அதில்தான் அந்த ஊரின் பெயரே நிற்கிறது. ஆனால் மேஜை டிராயர், சூட்கேஸ், ஆபீஸ் அலமாரி என்று தினமும் புழங்கும் சின்னப் பூட்டுகள் அப்படி அல்ல. விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுகிறார்கள். உங்கள் சாவி என் டிராயரையும் திறக்கும். உள்ளே இருப்பது பழைய ரசீதும் ஸ்டாப்ளரும் என்றால் குடி முழுகிப் போகாது. உள்ளே ஓட்டு இருந்தால்?

2006 செப்டம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதுதான் தெரியவந்தது. பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனும் அவர் மாணவர்கள் ஏரியல் ஃபெல்ட்மன், அலெக்ஸ் ஹால்டர்மன் இருவரும் டைபோல்ட் நிறுவனத்தின் ஓட்டு இயந்திரம் ஒன்றை ஆராய்ந்தார்கள். மெமரி கார்டு இருக்கும் சிறு கதவைத் திறந்து ஒரு நிமிஷத்தில் திருட்டு புரோகிராமை ஏற்றிவிட முடிந்தது. கதவுக்குப் பூட்டு உண்டு. ஆனால் ஹோட்டல் மினிபாருக்கும் ஆபீஸ் அலமாரிக்கும் போடும் சாதாரண சாவியே அதையும் திறந்தது! (சபுர் போய் வளைகுடா ஹோட்டல்களில் வேலை பார்த்த அதிராம்பட்டினத்துக்காரர்களுக்கு மினிபாரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஹோட்டல் அறையில் குளிர்பானம் வைத்துப் பூட்டும் குட்டி ஃபிரிட்ஜ்.) கூத்து அதோடு முடியவில்லை. கம்பெனியின் இணையக் கடையில் அந்தச் சாவியின் படம் இருந்தது. அதைப் பார்த்தே ஒருவர் சாவி ராவிக் காட்டினார், அதுவும் வேலை செய்தது. இது 2007 ஜனவரியில்.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. எனவே லட்சக்கணக்கில் இரும்புப் பெட்டிகள் தேவைப்பட்டன. 1951-ல் பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் ஆலை மட்டும் 12 லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது, ஒன்று 5 ரூபாய். வெளியே தனிப் பூட்டு மாட்டினால் அந்த விலைக்குக் கட்டாது. அங்கே வேலை பார்த்த நாதாலால் பஞ்சால் என்ற தொழிலாளி பெட்டிக்குள்ளேயே அமையும் தாழ்ப்பாள் ஒன்றை வடிவமைத்தார். பெட்டியைக் காத்தது அந்தத் தாழ்ப்பாளும் மேலே ஒட்டிய காகித முத்திரையும்தான். செலவுக்குப் பயந்து செய்த ஏற்பாடுதான், ஆனாலும் நல்ல ஏற்பாடு. முத்திரை கிழிந்தால் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளுக்கும் கண்ணால் தெரியும். அதற்குப் படிப்பு வேண்டாம்.

அடுத்து மின்னணு இயந்திரம். 1982 மே மாதம் கேரளாவின் பரவூர் தொகுதியில் 84 சாவடிகளில் 50-ல் முதன்முதலாக வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்த 50 சாவடிகளிலும் மறுதேர்தல் நடந்தது. முதலில் ஜெயித்தவர் இம்முறை தோற்றார். பிறகு 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இந்த இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் ரங்கராஜன். ஆமாம், நம் எழுத்தாளர் சுஜாதாவேதான். பேட்டரியில் ஓடும், எந்த நெட்வொர்க்கிலும் சேராது, புரோகிராம் சிப்பிலேயே பதிந்திருக்கும். டைபோல்ட் இயந்திரத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த எளிமைதான் அதன் பலம். 2001 மே 10 அன்று தமிழ்நாடு முழுக்க சட்டமன்றத் தேர்தலில் இதுதான். பட்டுக்கோட்டை தொகுதியில் ஓட்டுப்போட்ட அதிராம்பட்டினம் மக்களும் அன்றைக்குச் சீட்டு மடிக்கவில்லை, பட்டனை அழுத்தினார்கள். பீப் என்ற சத்தம் கேட்டது. ஓட்டு சரியாக விழுந்ததா? சத்தத்தை நம்ப வேண்டியதுதான்.

அந்த நம்பிக்கையைத்தான் 2010-ல் மூன்று பேர் சோதித்தார்கள்: ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப், பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த அதே ஹால்டர்மன். உண்மையான இந்திய இயந்திரம் ஒன்றைத் திறந்து, முடிவு காட்டும் பலகையை மாற்றி, செல்போனிலிருந்து புளூடூத் வழியாக எண்ணிக்கையையே திரித்துக் காட்டினார்கள். இயந்திரத்தைக் கையில் எடுத்தால்தானே இதெல்லாம் முடியும், நூலும் அரக்கும் காகித முத்திரையும் போட்டு, காவலும் வைத்திருக்கிறோம் என்றது தேர்தல் ஆணையம். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. லட்சக்கணக்கான இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பது சும்மா இல்லை. ஆனால் அப்படிப் பார்த்தால் காவல் காப்பது 1951-ன் அதே காகிதமும் ஏஜெண்டின் கண்ணும்தான். பெட்டிக்குள் இருப்பதோ இப்போது அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

2010 ஆகஸ்டில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். மும்பையில் வைத்திருந்த இயந்திரம் திருடுபோனது என்று வழக்கு. ஒரு வாரத்தில் ஜாமீன் கிடைத்தது.

1851-ல் லண்டன் கண்காட்சியில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தின் பேர்பெற்ற சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். பிராமா பூட்டோடு பல நாள் மல்லுக்கட்டி அதையும் திறந்துவிட்டார். அவரைச் சிறையில் போடவில்லை, பந்தயப் பணம் 200 கினி கொடுத்தார்கள். பூட்டுக்காரர்களும் பூட்டைச் சரிசெய்யப் போனார்கள்.

இங்கேயும் கொஞ்சம் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். காகிதச் சான்று அவசியம் என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தின மாதமே நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் அது அறிமுகமாகியிருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடியிலும் சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுந்தது. எல்லாச் சீட்டையும் எண்ணுங்கள் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்த வேட்பாளர்கள் பணம் கட்டி 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைச் சோதிக்கச் சொல்லலாம் என்றது.

சோதிப்பவர்கள், இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனங்களின் பொறியாளர்கள்.