தளர்த்திய மூன்று தந்திகள்

மொறொக்கோவின் தாஞ்சியர் நகரிலே, 1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்து இளைஞர் ஒருவர் தமது கிற்றாரை அங்குள்ள ஊத் வாத்தியக்காரரின் இசையோடு இணைக்க முயன்றார். வழமையான சுருதி இடங்கொடாமையால், முதலாம், இரண்டாம், ஆறாம் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் தளர்த்தினார் என்பர். அவர்தாம் டேவி கிறஹாம். தந்தையார் ஸ்கொத்லாந்தினர், தாயார் கயானாவினர்.

செய்தது சிறிது, விளைந்ததோ பெரிது. மேலைச் சங்கீதம் களிப்பையும் துயரையும் பெரும்பாலும் காந்தாரத்தைக் கொண்டே வேறுபடுத்துவது. கிறஹாமின் சுருதியிலோ, விரல் வையாத தந்திகள் ஆறும் ச, ப, ச, ம, ப, ச என ஒலிக்கும், காந்தாரமே இல்லை. தம்புராவின் நாதம்போல் ஆதாரம் நிற்க, பல நாட்டு மெட்டுக்களும் அதன்மேல் இயலும். அயர்லாந்து நாட்டுப்பாடலொன்றை 1963இல் அவர் ஆலாபனைபோல் விரித்து வாசித்தது இவ்வாறே.

1965இல் டெக்கா நிறுவனத்தார் அவருடைய ‘ஃபோக், புளூஸ் அண்ட் பியோண்ட்’ இசைத்தட்டை வெளியிட்டனர். பிரித்தானியக் கிராமியப் பாடல்களும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களும், தாஞ்சியரை நினைவூட்டும் ‘மாஜுன்’ என்னும் உருப்படியும் அதிலே அடுத்தடுத்து அமர்ந்தன. குரல் சாதாரணமானதே; விரல்களே பாடுகின்றன. பெரும்புகழ் அவரை நாடவில்லை. 2008இல் அவர் மறைந்தபோது, பிரான்சின் பியர் பென்சுசான் போன்றோர் அச்சுருதியிலேயே வாசித்துக்கொண்டிருந்தனர்.