டக் நிக்கல்ஸ் ஆடிய ஆட்டம்

நீள்வட்ட மைதானத்தில் கட்சிக்குப் பதினெண்மராய் இறங்கி, முட்டை வடிவான பந்தைக் காலால் உதைத்தும் முஷ்டியால் குத்தியும் கொண்டுசெல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், ஆகாயத்தில் வரும் பந்தைப் பிறர் தோள்மேல் எழும்பிப் பற்றுவதே கண்கொள்ளாக் காட்சியாதலால், நெட்டையர்களுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. அத்தகைய ஆட்டத்தில், 5 அடி 2 அங்குலமே உயரமுள்ள ஒருவர், 1932 முதல் 1937 வரையில் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் கழகத்துக்காக 54 ஆட்டங்கள் ஆடி, 1935இல் விக்டோரியா மாகாண அணியிலும் இடம்பெற்றார் என்றால், அவர் கால்களின் வேகம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! அவரே டக்ளஸ் நிக்கல்ஸ்; அந்நாட்டு ஆதிகுடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களுள் ஒருவர்.

1906 டிசம்பரில், மர்ரே நதிக்கரையிலுள்ள கம்மெரகஞ்சா என்னும் ஆதிகுடிக் குடியிருப்பில் அவர் பிறந்தார். அங்கே பள்ளி நடத்திய தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸ் தீவில் இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றில் உதித்து, ஆதிகுடிப் பெண்ணை மணந்து, அம்மக்களின் கல்விக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அர்ப்பணித்த உபாத்தியாயர். அவரிடம் எழுத்தறிந்தவர்களே பின்னாளில் சர்க்காருக்கு மனு எழுதும் தைரியம் பெற்றார்கள். நம்மவர் சரித்திரங்களில் அவர் பெயர் இன்னும் போதிய அளவு இடம்பெறவில்லை என்பது என் குறை. நிக்கல்ஸுக்கு எட்டு வயதாயிருக்கையில், அவர் கண்ணெதிரிலேயே போலீஸார் வந்து, 16 வயதுத் தமக்கையை வீட்டு வேலைப் பயிற்சி விடுதிக்குப் பலவந்தமாகக் கொண்டுபோயினர். பதின்வயதின் தொடக்கத்தில் அவர் செம்மறிப் பண்ணைகளில் வேலைக்குச் சேர்ந்தார். ரோமம் கத்தரிக்கும்போது ஆட்டின் தோலில் கத்தி பட்டுவிட்டால், ஓடிப்போய் அக்காயத்தில் தார் பூசவேண்டியது அவர் பணி.

டாங்காலா என்னும் சிற்றூர் அணியில் பேர் வாங்கியபின், 1927இல், கார்ல்டன் கழகத்தில் இடம் தேடிப் பயிற்சிக்குச் சென்றார். ஆட்டக்காரரின் கைகால்களைத் தைலமிட்டுப் பிடித்துவிடுவது அங்கே வழக்கம். அதற்கென்று இருந்தவர் நிக்கல்ஸின் மேனியைத் தொட மறுத்தார். உடன் ஆடியவர்களோ அவர்மேல் நாற்றம் வீசுவதாகக் குறை கூறினர். அவர் வெளியேறி நார்த்கோட் கழகத்தை அடைந்து, 1929இல் அது வாகை சூடியபோது அவ்வணியில் விளங்கினார். அதே ஆண்டில் வாரக்னபீல், நயா ஆகிய ஊர்களின் ஓட்டப்பந்தயங்களிலும் முதலாவதாக வந்தார். 1931இல் ஜிம்மி ஷார்மனின் ஊர்சுற்றும் குத்துச்சண்டைக் கூடாரத்திலும் சிலகாலம் சண்டையிட்டார்.

பின்பு ஃபிட்ஸ்ராய்க்கு வந்தபோது, பழைய அவமானம் நெஞ்சிலிருந்து அகலாத அவர், உடை மாற்றும் அறையில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்க, அக்காலத்தின் தலைசிறந்த வீரரும், சிறந்த ஆட்டக்காரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தை மும்முறை பெற்றவருமான ஹேடன் பன்டன் அவர் பக்கத்தில் போய் அமர்ந்து சிநேகம் கொண்டார். கழகத்தின் முதல்வீரர் அருகில் உட்கார்ந்தபின் அவரை விலக்கி வைக்க யாருக்குத் துணிவு வரும்? பன்டனின் பதக்கங்களைக் காட்டிலும் இந்தச் செயலையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

முழங்கால் காயங்கள் அவர் ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டன. ஆனால் மைதானத்தில் அவர் பறந்ததைப் பார்த்த ஜனங்கள், கிறிஸ்தவப் போதகராகி அவர் பேசியபோதும் திரண்டு வந்து கேட்டார்கள். 1972இல் ‘சர்’ பட்டம், 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் கவர்னர் பதவி ஆகியவை ஆதிகுடிகளில் அவருக்கே முதன்முதலாகக் கிடைத்த கௌரவங்கள். எனக்கோ அவற்றினும் பெரிதாகத் தோன்றுவது 1938 ஜனவரி 26ஆம் தேதி. வெள்ளையர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டு நிறைவை சிட்னி நகரம் கோலாகலமாகக் கொண்டாடிய அன்று, ஆதிகுடிகள் அந்நகரிலேயே ஒரு மண்டபத்தில் கூடித் துக்க தினம் அனுசரித்தனர். ஜேம்ஸிடம் பயின்ற முதியவர் வில்லியம் கூப்பர் சபையில் இருந்தார். பூரணக் குடியுரிமையும் சமத்துவமும் கோரிய தீர்மானத்தை, விக்டோரியாவின் ஆதிகுடிகள் சார்பில் எழுந்து நின்று ஆதரித்துப் பேசினார் நிக்கல்ஸ்.