பனிமலை மடத்து நாய்கள்

கள்வரைத் தடுக்க வளர்க்கப்பட்ட நாய், பனியிற் சிக்கியோரை மீட்கும் நாயாக மாறிய வரலாறு அல்ப்ஸ் மலையில் நிகழ்ந்தது. சுவிற்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் பெரிய சென் பேர்னாட் கணவாய் 2,469 மீற்றர் உயரத்திலே உள்ளது. அங்கே 11ஆம் நூற்றாண்டிலே துறவியர் வழிப்போக்கருக்கென ஒரு மடம் அமைத்தனர். அம்மடத்தார் 17ஆம் நூற்றாண்டிலே காவலுக்கெனப் பெருநாய்களை வளர்க்கத் தொடங்கினர்.

காலப்போக்கில், பயணிகளுக்கு வழிகாட்டச் சென்ற பணியாளருடன் இந்நாய்களும் செல்லலாயின. அவற்றின் அகன்ற மார்பு புதுப்பனியைப் பிளந்து வழி சமைத்தது; கூரிய மோப்பம் பனியிற் புதைந்தோரைக் காட்டிற்று. 1800ஆம் ஆண்டு பிறந்த பாரி என்னும் நாய் 40 பேருக்கு மேற்பட்டோரைக் காத்ததென்பர். அதனாற் காப்பாற்றப்பட்ட போர்வீரனொருவனே அதனை ஓநாயென்று கருதிக் கொன்றான் என்பது வெறுங் கட்டுக்கதை. பாரி 1812இல் பேர்ண் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே 1814இல் முதுமையுற்று இறந்தது. கழுத்திலே தொங்கும் மதுப்பீப்பாவும், ஆங்கில ஓவியர் லான்ட்சியர் 1820இல் தீட்டிய படத்தாற் பரவியதே.

அடுத்து வந்த கடும்பனிக் காலங்களில் நாய்கள் பல மடிந்தன. குலம் அழியாதிருக்க, 1830ஐ அடுத்து நியூபவுண்லாந்து நாயுடன் கலந்தனர். நீண்ட மயிர் குளிரைத் தாங்குமென எண்ணினர் போலும். ஆனால் அம்மயிரிலே பனி கட்டிகட்டியாக உறைந்து நாயின் நடையையே தளர்த்தியது. மயிர் நீண்ட குட்டிகளை மடத்தார் பள்ளத்தாக்கு மக்களுக்குக் கொடுத்துவிட்டனர். அவர்களோ அழகையும் பருமனையும் விரும்பி வளர்த்தனர். உலகம் இன்று அறிந்த பருத்த சென் பேர்னாட் அவ்வழி வந்ததே. மீட்புப் பணி இலேசான பிற இன நாய்களிடமும் ஹெலிகொப்டரிடமும் சென்றுவிட்டது. 2005இல் வளர்ப்புப் பொறுப்பும் ஓர் அறநிறுவனத்தின் கைக்கு மாறியது. கோடையிலே நாய்கள் கணவாய்க்கு இன்றும் ஏறிச் செல்கின்றன.